புணையும் நரையும்: புறநானூற்றில் மனச் சமநிலை

தமிழ்நாட்டிற்கு வெளியே வாழும் தமிழர் ஒன்றுகூடி எடுக்கும் விழா எதுவாயினும், அதில் புறநானூற்றின் 192ஆம் பாட்டு ஒலிக்காமல் போவதில்லை. வரவேற்புரையில் ஒருமுறை, சிறப்புரையில் ஒருமுறை, நன்றியுரையில் ஒருமுறை என அதன் முதலடியை மும்முறை கேட்டுவிட்டு வீடு திரும்புதல் நமக்கு வழக்கமாகிவிட்டது. 2007ஆம் ஆண்டு ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் அந்நாள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அவர்களும், 2019ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் பிரதமர் மோடி அவர்களும் அவ்வடியை எடுத்துரைத்தனர். எல்லா ஊரும் நம் ஊரே, எல்லாரும் நம் உறவினரே என்னும் பொருளுடைய அதனை ஈண்டு எடுத்தெழுத வேண்டுவதில்லை. அதனை அறியாதார் இம்மலரைக் கையில் எடுத்திரார். மூன்றாண்டுக்கு ஒருமுறை மூட்டை கட்டும் மைய அரசு ஊழியர்க்கு அவ்வடி மிகவும் பிடித்துப் போனதில் வியப்பில்லை. மாற்றல் ஆணை கையில் கிடைத்த மாலையில் அது நல்ல மருந்து.

ஆயினும், அப்பாட்டில் 13 அடிகள் உள. முதலடியோடு நின்றுவிடுவோர்க்கு எஞ்சிய 12 அடிகளும் இழப்பாகின்றன. அவ்விழப்பு சிறிதன்று. ஊரையும் உறவையும் சொல்லித் தொடங்கும் கணியன் பூங்குன்றனார், அடுத்த அடியிலேயே வேறொரு பொருளுக்குள் புகுந்துவிடுகிறார். இன்பம் வந்தால் துள்ளாமலும் துன்பம் வந்தால் துவளாமலும் நிற்கும் உள்ளம் எத்தகையது, அஃது எதனால் வாய்க்கிறது, வாய்த்தபின் அது பிற மாந்தரை எவ்வாறு நோக்கும் என்பதே பாட்டின் உடல். முதலடி அதற்குத் தோரணவாயில். நாமோ வாயிலில் நின்று கைதட்டிவிட்டுத் திரும்புகிறோம்.

இன்ப துன்பங்களில் நிலைகுலையாமை என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று கம்பனின் இராமன். முடி சூடுக என்றபோதும் காடு ஏகுக என்றபோதும் முகம் வேறுபடாத அப்பெருமகனைப் பற்றி இத்தகைய மலர்களில் எத்தனையோ கட்டுரைகள் வந்துவிட்டன. நாமும் ஒன்று சேர்க்க விரும்பவில்லை. மற்றொன்று வள்ளுவர் வகுத்த இடுக்கண் அழியாமை. 63ஆம் அதிகாரமாகிய அது, பொருட்பாலில் அரசியல் என்னும் பகுதியின் இறுதியில் நிற்கிறது. ஆள்வோர்க்கும் வினை மேற்கொண்டார்க்கும் வேண்டிய உரம் அது. துன்பத்தோடு மல்லிட்டு அதனை மண்கவ்வச் செய்யும் வீறு அதில் மிகுதி. பூங்குன்றனாரிடம் அந்த மல்யுத்தம் இல்லை.

அவர் பாட்டின் போக்கைச் சற்றே நோக்குவோம். தீமையும் நன்மையும் பிறர் தர வருவன அல்ல என்கிறார். நோவதும் நோவு தீர்வதும் அவ்வாறே என்கிறார். சாவு புதிதன்று என்கிறார். வாழ்வு இனியது என்று மகிழ்ந்ததுமில்லை, சினந்து இன்னாதது என்று வெறுத்ததுமில்லை என்கிறார். பெருமழையில் பெருகிய ஆற்றின் போக்கிலே செல்லும் புணைபோல உயிரானது முறையின் வழியே செல்லும் என்பதைத் திறனறிந்தோர் காட்சியால் தெளிந்தோம் என்கிறார். ஆதலால், பெரியோரைக் கண்டு வியப்பதில்லை. சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்று முடிக்கிறார்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக எண்ணினார். சமநிலை என்பதை ஒன்பதாவதாகச் சேர்த்தவர் பின்னையோர். தொல்காப்பியர் அதனைச் சேர்க்காதது குறையா என்று புலவர் வாதிட்டதுண்டு. நம் கருத்தில், பூங்குன்றனார் பாட்டை அருகில் வைத்துக்கொண்டு பார்த்தால் அவ்வாதத்தில் புதிய ஒளி விழுகிறது. மகிழ்ந்ததில்லை என்றபோது உவகை விலகுகிறது. சினந்து வெறுத்ததில்லை என்றபோது வெகுளி விலகுகிறது. வியப்பதில்லை என்றபோது மருட்கை விலகுகிறது. இகழ்வதில்லை என்றபோது இளிவரலோடு உறவுடைய இழிப்புணர்வு விலகுகிறது. எட்டில் நான்கினைப் பெயர் சொல்லி விலக்கியே இப்புலவர் தம் சமநிலையை நமக்குக் காட்டுகிறார். அதற்கெனத் தனியே ஒரு மெய்ப்பாடு அவருக்கு வேண்டியிருக்கவில்லை. இலம், தெளிந்தனம் எனத் தன்மைப் பன்மையில் பேசுவதும் கருதத்தக்கது. தனி ஒருவரின் தவப்பெருமையாக இதனை அவர் முழக்கவில்லை. ஒரு கூட்டத்தார் ஒப்புக்கொண்ட செய்திபோல அடக்கமாகக் கூறுகிறார்.

இப்பாட்டின் உவமைக்கு வருவோம். ஆற்றில் மிதக்கும் புணை என்றதும், அந்திப்பொழுதில் அலையற்ற நீரில் அசையாமல் செல்லும் தெப்பத்தைக் கற்பனை செய்துகொள்வோர் பலர். பாட்டிலுள்ள ஆறு அத்தகையதன்று. வானம் மின்னுகிறது, குளிர்ந்த துளி சொரிகிறது, நீர் கற்களில் மோதி இரைகிறது. கரை கொள்ளாத பேராற்று வெள்ளம் அது. பிற கருத்துகளை ஓரடி, ஒன்றரை அடி என்று சுருக்கி முடிக்கும் புலவர், இந்த வெள்ளத்திற்கு மட்டும் இடம் தாராளமாகத் தருகிறார். ஆற்றின் ஆரவாரத்தை அவர் மறைக்கவில்லை. வாழ்வில் அலையே இல்லை என்று பொய்யுரைக்கவுமில்லை. சமநிலை என்பதைக் கல்லாய்ச் சமைந்த நெஞ்சமாகக் கொள்வோர், கல்லின் மேல் மோதி இரையும் நீரையும் அந்நீரோடு செல்லும் மரத்தையும் வேறுபடுத்தி வைத்த இவ்வுவமையை மீண்டும் ஒருமுறை படிப்பது நன்று. புணை நனையாமல் இருப்பதில்லை.

இனி, முடிவடிகள். சமநிலையைப் போற்றும் நூல்கள் உலகில் பல. அவற்றுட் பெரும்பாலான, அமைதி பெற்றவனை உலகைவிட்டு ஒதுக்கி, மலையுச்சியிலோ மரத்தடியிலோ இருத்திவிட்டு முடிந்துவிடும். பூங்குன்றனார் அவனை மீண்டும் மக்கள் நடுவே கொண்டுவந்து நிறுத்துகிறார். உள்ளம் தெளிந்தமைக்கு அடையாளம் யாது? பெரியவன் எதிரே வரும்போதும் சிறியவன் எதிரே வரும்போதும் நீ எவ்வாறு நடந்துகொள்கிறாய் என்பதே அடையாளம். இவ்விரண்டினுள்ளும் சிறியோரை இகழாமையே மேலும் இன்றியமையாதது என்று ஒரு சொல்லால் ஏற்றம் தருகிறார். வியவாமையில் தவறினும் மன்னிக்கலாம். இகழாமையில் தவறுதல் கூடாது என்பது குறிப்பு.

அலுவலகத்தில் நாள் கழிப்போர்க்கு இம்முடிவின் கூர்மை எளிதில் விளங்கும். உயர் அதிகாரியின் அறைக்குள் நுழையும்போது ஒரு குரல், கோப்புச் சுமந்து வரும் கடைநிலை ஊழியரை அழைக்கும்போது மற்றொரு குரல் என இரு குரல் வைத்திருப்பவர் எத்தனை பேர்! வீட்டில் தியானம், அலுவலகத்தில் எரிமலை என வாழ்வோரையும் நாம் காண்கிறோம். காலையில் மூச்சை அடக்கியவர் பத்து மணிக்கு நாவை அடக்குவதில்லை. பூங்குன்றனார் வைத்த தேர்வில் இவர்களுக்கு எத்தனை மதிப்பெண் கிடைக்கும் என்பதை அவரவர் கணக்கிட்டுக்கொள்ளலாம். இதனைச் சொல்லும் நம் மலரைப் புரட்டினாலும், முதற் சில பக்கங்களில் பெரியோர் வாழ்த்துரைகள் படங்களோடு அணிவகுத்து நிற்கும். விழா நாளில் நாற்காலி அடுக்கியவர் பெயர் எங்கும் இராது. முதலடியை மேடையில் முழங்கி இறுதியடிகளை விட்டுவிடும் வழக்கத்திற்கு இதுவும் ஒரு காரணமோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இவ்வளவு பாராட்டிய பின்னும், இப்பாட்டில் நம்மை இடறச் செய்யும் கருத்து ஒன்று உண்டு. தீமையும் நன்மையும் பிறர் தருவதால் வருவன அல்ல என்கிறாரே, அஃது உண்மைதானா? கொடிய அரசன் ஆண்டால் குடிகளுக்கு வரும் தீமை எவர் தந்தது? பஞ்சத்தில் ஒருவன் பகிர்ந்துண்டால் மற்றவனுக்கு விளையும் நன்மை எவர் தந்தது? இவ்வடியைத் தன்வினைக்குத் தானே பொறுப்பு என்று விளக்குவோர் உளர். அவ்வாறாயின், பின்னே வரும் புணை உவமை இடர்ப்படுகிறது. வெள்ளத்தில் செல்லும் மரத்திற்குப் பொறுப்பு ஏது? பாட்டு முழுவதையும் ஊழ்க்கொள்கையாகக் கண்டு, ஆசீவகத்தின் சாயலை இதில் காண்போரும் உளர். ஊழ் என்று கொண்டால் உவமை பொருந்துகிறது. ஆனால், வந்ததை ஏற்றுக்கொள் என்னும் ஊழ்மொழி, மெலியோரை வாய்மூடச் செய்ய வலியோர் கையாளும் கருவியாகவும் எளிதில் மாறிவிடும். இறுதியடிகள் அதனைத் தடுத்து நிறுத்துகின்றன என்பது உண்மை. ஆயினும், நடுவிலுள்ள வெற்றிடம் நிரம்பவில்லை.

அவ்விடத்தை நிரப்பும் பாட்டு வெகு தொலைவில் இல்லை. புறநானூற்றைத் தொகுத்தவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை எனினும் அவருடைய நுட்பம் கிடைத்திருக்கிறது. உ.வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டு பதிப்பித்து உலகிற்குத் தந்த அந்நூலில், 192க்கு முன்னே 191ஐப் பாருங்கள். பிசிராந்தையார் பாடியது. ஆண்டுகள் பல சென்றும் உமக்கு நரை இல்லாதது எவ்வாறு என்று கேட்டவர்களுக்கு அவர் கூறிய விடை அது. என் மனைவி மாட்சியுடையவள், மக்களும் அறிவு நிரம்பினர். என்னிடம் பணிபுரிவோர் நான் எண்ணியதையே எண்ணுவர். என் வேந்தனும் முறையல்லாதன செய்யான், காப்பான். அவற்றிற்கு மேலாக, நான் வாழும் ஊரில் கற்று அடங்கிய சான்றோர் பலர் உளர் என்பது அதன் சாரம்.

பக்கத்துப் பக்கமாக நிற்கும் இவ்விரு பாட்டுகளுக்கும் இடையே ஒரு வழக்கே நடக்கிறது. நன்மை பிறர் தர வருவதன்று என்கிறார் ஒருவர். என் நெஞ்சின் அமைதி முழுவதும் பிறர் தந்ததே என்று கணக்குக் காட்டுகிறார் மற்றவர். மனைவி, மக்கள், ஏவலர், வேந்தன், ஊரார் என ஐந்து பற்றுச்சீட்டுகளை நம்முன் வைக்கிறார் ஆந்தையார். தம் தவத்தால், தம் அறிவால், தம் யோகத்தால் நரை வரவில்லை என்று ஓரிடத்திலும் அவர் சொல்லவில்லை. அமைதியானவர் என்று ஊரார் புகழும் ஒருவர் வீட்டினுள், அவ்வமைதியைக் காப்பதற்காகக் காலை முதல் இரவு வரை ஓடியாடும் வேறொருவர் இருப்பார். அவருடைய தலை நரைத்ததா என்று எவரும் கேட்பதில்லை. ஆந்தையார் பட்டியலில் முதலிடம் மனைக்குத் தந்த நேர்மையை நாம் பெரிதும் மதிக்கிறோம்.

இனி ஓர் ஐயம் எழலாம். இத்தனை நலன்களும் வாய்த்தவர்க்கு அமைதி வருவதில் அருமை என்ன? மனைவி நல்லவள், மக்கள் நல்லவர், அரசனும் நல்லவன். இவருக்கு நரைக்காதது ஒரு வியப்பா? மேலோட்டமாகப் பார்த்தால் இவ்வையம் நியாயமே. பாட்டின் அடிக்குறிப்பைப் படித்தால் நிலைமை வேறாகிவிடும். ஆந்தையார் இவ்விடையைச் சொன்னது தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அன்று. உயிர்நண்பன் கோப்பெருஞ்சோழன் உண்ணாநோன்பு பூண்டு வடக்கிருந்த செய்தியறிந்து, தாமும் உடனுயிர் விடும் உறுதியோடு பாண்டிநாட்டிலிருந்து சோணாட்டிற்கு வந்தபோது, அங்கிருந்த சான்றோர் கேட்ட வினாவுக்கு விடையாகச் சொன்னது. சோழன் வடக்கிருந்தது எதனால்? பெற்ற மக்களே அவனோடு போருக்கு எழுந்ததனால். மக்களால் மனம் உடைந்த தந்தை சாவை எதிர்நோக்கும் இடத்தில் நின்றுகொண்டு, என் மக்கள் நிரம்பியவர் என்று ஒருவர் சொல்ல வேண்டியிருந்தால், அச்சொல் தற்பெருமையாக இருக்க முடியாது. இவ்வளவையும் விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்னும் கணக்கொப்படைப்பாகவே அது நம் செவியில் விழுகிறது. எனக்குக் குறையொன்றும் இல்லை. குறையால் சாக வரவில்லை. நட்பினால் வந்தேன் என்னும் பொருளும் அதில் அடங்கிக் கிடக்கிறது. அவர் வருவார், அவருக்கும் ஓர் இடம் ஒழித்து வையுங்கள் என்று சோழன் முன்னரே சொல்லி வைத்த செய்தி 216ஆம் பாட்டில் உள்ளது. இருவரும் அதற்கு முன் ஒருவரையொருவர் நேரில் கண்டறியாதவர் என்பது நம் மரபு. ஆந்தையாரும் வடக்கிருந்தார். கண்ணகனார் அதனைக் கண்டு, பொன்னும் பவளமும் முத்தும் மணியும் வெவ்வேறு தொலைவில் பிறந்தும் ஓர் அணியில் வந்து சேர்வதை உவமையாகச் சொன்னார். பற்று நீங்கிய நெஞ்சமே அமைதியான நெஞ்சம் என்று நமக்கு ஓதி வந்தவர்கள், நரையற்ற இம்மனிதரை எந்த வரிசையில் வைப்பார்களோ அறியோம்.

ஆந்தையார்க்கு அனைத்தும் தாமாக வந்து வாய்த்தன என்று எண்ணுவதும் தவறு. என் வேந்தன் முறையல்லாதன செய்யான் என்று 191இல் சொன்ன அவரே, 184இல் பாண்டியன் அறிவுடைநம்பியின் முன் நின்று வரி வாங்கும் முறையைக் கற்பித்தார். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலமும் யானைக்குப் பல நாளைக்கு ஆகும். யானையே வயலுக்குள் புகுந்தால் வாயில் புகுவதைவிடக் காலில் மிதிபடுவதே மிகுதி என்று சொல்லி, குடிகளை வருத்தி வரி கொள்வதைத் தடுத்தார். அரசன் நல்லவனாக இருந்ததில் புலவரின் அஞ்சாமைக்கும் பங்குண்டு என்று நாம் கொள்வதில் தவறில்லை. பெரியோரை வியவாமை என்று பூங்குன்றனார் சொன்னாரே, அதற்கு வாழ்ந்து காட்டிய உரை இந்த 184ஆம் பாட்டே எனலாம். வியந்து நின்றிருந்தால் யானைக்கதை சொல்ல நா எழுந்திராது.

ஆகவே, நம் தீர்ப்பு இது. நன்மை எங்கிருந்து வருகிறது என்னும் வினாவில் ஆந்தையார் பக்கமே நாம் நிற்கிறோம். பூங்குன்றனார் கூற்று அங்கே வாழ்வோடு முழுவதும் ஒட்டவில்லை. அவ்வமைதி பிறர்பால் எவ்வாறு வெளிப்பட வேண்டும் என்பதில் பூங்குன்றனார் சொன்னதற்கு மேல் எவரும் சொன்னதாக நாம் படிக்கவில்லை. முதலதைப் படித்துவிட்டு அடுத்ததைப் படிக்குமாறு தொகுத்தவர் வைத்த வைப்புமுறை, தனித்தனியே படிப்போர்க்குக் கிட்டாத பயனைத் தருகிறது.

தொகுத்தவர் இதனோடும் நிற்கவில்லை. 193ஆம் பாட்டு, ஓரேருழவர் பாடியது. தோலை உரித்து விரித்தாற் போன்ற வெண்களர் நிலத்தில் வேடன் துரத்த ஓடும் மான்போல ஓடிப் பிழைக்கவும் கூடும். சுற்றத்தோடு கூடிய இல்வாழ்க்கை காலைத் தளையிடுகிறதே என்னும் பெருமூச்சு அது. ஈரம் உலர்வதற்குள் உழுதுவிடப் பதறும் ஒற்றை ஏருழவனைக் குறுந்தொகை 131இல் உவமையாக்கியதால் பெயர் பெற்றவர் அவர். பதற்றத்தால் பெயர் பெற்ற புலவரை, அமைதியின் புலவர் இருவரை அடுத்து வைத்தது தற்செயல் என்று நம்ப மனம் வரவில்லை. அடுத்து 194. பக்குடுக்கை நன்கணியார் பாடியது. ஒரு மனையில் சாப்பறை, மற்றொரு மனையில் மணமுழவு. கூடினார் பூச்சூடப் பிரிந்தார் கண்ணீர் சொரிய இவ்வுலகைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று வெளிப்படையாகவே வைகிறார். வைதபின், உலகத்தின் இயல்பறிந்தோர் இனியவற்றைக் காண்க என்கிறார். அரசுக் குடியிருப்புகளில் இக்காட்சியைக் காணாதவர் யார்? கீழ்த்தளத்தில் இறந்தவர்க்குப் பத்தாம் நாள் நடக்கும். முற்றத்தில் ஷாமியானா கட்டி வேறொரு வீட்டாரின் திருமணப் பாண்டு முழங்கும். நிறுத்துங்கள் என்று சொல்லவும் முடியாது, செவியை மூடவும் முடியாது. நன்கணியாரின் சினம் சமநிலை அன்று. ஆனால், அந்தச் சினத்தைக் கடந்து வராத சமநிலையில் நமக்கு அவ்வளவாக நம்பிக்கையும் இல்லை.

இறுதியாகப் பூங்குன்றனார் பெயரில் வழங்கும் மற்றொரு பாட்டைக் குறிப்பிட வேண்டும். நற்றிணை 226ஆம் பாட்டையும் அவர் பாடியதாகக் கொள்வர். அது பாலைத்திணை. பொருள் தேடிப் பிரிந்து சென்ற தலைவனை எண்ணித் தலைவி பேசுகிறாள். மருந்துக்காக மரமே சாகும்படி எவரும் மரத்தை வெட்டார். வலிமை அழியுமாறு எவரும் தவம் செய்யார். நாட்டின் வளம் கெடுமாறு மன்னர் பொன் கொள்ளார் என்று மூன்று எடுத்துக்காட்டுகளை அடுக்குகிறாள். அவர் இருப்பதால்தான் நாம் இருக்கிறோம்; அவரோ வெயில் நிலைத்த நெடுவழியில் சென்றுவிட்டார் என்கிறாள். புறப்பாட்டில் புணையாக மிதந்த புலவர், அகப்பாட்டில் தலைவியின் நெஞ்சத்திற்குள் புகுந்து, பிறர் ஒருவர் இருப்பதாலேயே தான் இருப்பதாகச் சொல்லவைக்கிறார். 191இல் ஆந்தையார் சொன்னதையே தலைவியும் சொல்கிறாள் அன்றோ!

அவ்வளவு துயரிலும் அவள் தலைவனை வைதாளில்லை. ஆடவர் இயல்பு என்றும் இத்தகையதே என்பர், இவ்வுலகில் எல்லாரும் இதனை அறிவர் என்று சொல்லி வாய்மூடுகிறாள். திறனறிந்தோர் காட்சியால் தெளிந்தோம் என்று புறப்பாட்டில் மொழிந்த குரலின் தணிந்த எதிரொலி இது. தெளிவு அதே தெளிவுதான். இங்கே அது கண்ணீரோடு வருகிறது. விழா மேடைகளில் இந்த நற்றிணைப் பாட்டைச் சொல்ல நாம் இதுகாறும் கேட்டதில்லை. வரும் ஆண்டு மலருக்கு நம் சங்கத்துப் பெண்பாலருள் எவரேனும் அதனைப் பற்றி எழுத முன்வருவாராயின், முதலில் படிப்போர் வரிசையில் நாம் நிற்போம்.